பாலுக்கும் மாவுக்கும் நடுவே

பச்சை மக்காச்சோளம் வாங்கத் தெரிந்தவர்கள் கதிரின் நிறத்தையோ பருமனையோ நம்புவதில்லை. நுனியில் மடலை ஒரு விரற்கடை விலக்கி, ஒரு மணியில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்கிறார்கள். தெளிந்த நீர் பீய்ச்சினால் கதிர் இன்னும் பிஞ்சு. வெள்ளைப் பால் வழிந்தால் அப்படியே அவித்துக் கடித்துத் தின்னலாம். பால் வழியாமல் நகத்தில் கெட்டியான வெண்பசையாக ஒட்டிக்கொண்டால் அது உமிந்தாவுக்கான கதிர். நகம் இறங்கவே மறுத்தால் நாள் தப்பிவிட்டது. காயவைத்து மாவாக்கவோ, சிச்சா என்னும் புளித்த பானம் காய்ச்சவோ வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உமிந்தா பொலிவியாவில் பச்சைக் கதிர் வரும் மாதங்களின் பலகாரம். கொச்சபாம்பா பள்ளத்தாக்கில் கார்னிவல் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வரை இதன் காலம். மணிகளைக் கதிரிலிருந்து சீவி, கல்லில் அரைத்து, உருக்கிய பன்றிக் கொழுப்போ வெண்ணெயோ ஊற்றிப் பிசைவார்கள். உப்பு, கொஞ்சம் சர்க்கரை, சோம்பு சேரும். காரம் வேண்டுவோர் அஹி என்னும் சிவப்பு மிளகாய் விழுதையும் சேர்ப்பார்கள். நடுவில் ஒரு துண்டு புதுப் பாலாடைக்கட்டி. பிறகு அந்த மாவை, அதே கதிரை மூடியிருந்த மடலில் பொட்டலமாகக் கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். அடுப்பில் சுட்டெடுக்கும் வகையும் உண்டு. பெரு, ஈக்வடார், சிலி, வட அர்ஜென்டினா என்று ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுகிலும் இதன் உறவுக்காரப் பலகாரங்கள் இருக்கின்றன.

செய்முறை இவ்வளவுதான். ஈஸ்ட் இல்லை, புளிக்கவைப்பது இல்லை, ஊறவைப்பதுகூட இல்லை. கெட்டுப்போக இடமே இல்லாத பலகாரம் போலத் தோன்றும். ஆனால் கதிரைத் தவறான நாளில் பறித்தால் எந்தச் சமையல்காரராலும் இதைக் காப்பாற்ற முடியாது. உமிந்தாவின் சூட்சுமம் அடுப்படிக்கு வருவதற்கு முன்பே, வயலில், மணிக்குள் முடிவாகிவிடுகிறது.

மணிக்குள் நடப்பது இது. இலைகள் வெயிலில் தயாரிக்கும் சுக்ரோஸ், தண்டு வழியாகக் கதிருக்கு வந்து சேர்கிறது. மணியின் பெரும்பகுதியான கருவூண் திசு அதை வாங்கிக்கொள்கிறது. ஆனால் சர்க்கரையைச் சர்க்கரையாகவே சேமிப்பதில் செடிக்கு ஒரு சங்கடம் உண்டு. கரைந்த சர்க்கரை கூடக்கூட, சவ்வூடு பரவல் காரணமாகச் செல் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே நொதிகள் குளுக்கோஸ் அலகுகளை ஒன்றோடொன்று கோத்து, நீரில் கரையாத மாவுச்சத்துத் துகள்களாக அடுக்குகின்றன. அதே எடைச் சரக்கு, தண்ணீர்த் தொல்லை இல்லாமல். பால் பிடித்த மணியில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு நீர். அது கெட்டிப்பட்டு மாவுப் பதத்துக்கு வரும்போது சுமார் 70 பங்கு. பத்துப் பங்கு வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். திரும்பிக் கணக்கிட்டால், திடப்பொருள் 20 பங்கிலிருந்து 30 பங்காக, அதாவது ஒன்றரை மடங்காக ஏறியிருக்கிறது. ஆவியில் வெந்த பிறகு பலகாரம் தன் உருவத்தில் நிற்குமா, கரண்டியால் அள்ள வேண்டிய கூழாகுமா என்பதை முடிவு செய்வது இந்த ஏற்றம்தான்.

அமெரிக்கச் சமவெளியின் கலப்பின மக்காச்சோளத்தில் பட்டுநூல் வெளிவந்து 20 நாள் வாக்கில் பால் பருவம். அதிலிருந்து ஒரு வாரத்துக்குள் மாவுப் பருவம். கடல்மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் கொச்சபாம்பாவில் இரவுகள் குளிர்ச்சியானவை. பயிரின் வளர்ச்சி நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை, சேர்ந்த வெப்பத்தைப் பார்த்து நடப்பது. எனவே அங்கே ஒவ்வொரு பருவமும் இழுத்து இழுத்து நகரும்; சரியான நாளைப் பிடிக்கச் சற்றுக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். அதற்காக மெத்தனமாக இருந்துவிட முடியாது. கதிரை ஒடித்த பின்னும் மணி உயிரோடுதான் இருக்கிறது: மீதிச் சர்க்கரையில் ஒரு பகுதியை மாவுச்சத்தாக மாற்றும், இன்னொரு பகுதியைச் சுவாசித்தே செலவழிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் கிடக்கும் ஸ்வீட் கார்ன் ஒரே நாளில் தன் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். காலையில் ஒடித்த கதிரை அன்றைக்கே அரைத்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த மக்காச்சோளம் என்பதும் முக்கியம். ஆண்டிஸ் மலையின் பச்சைக் கதிர் வகைகளில் மணிகள் பெரியவை, வெளிறியவை, மாவுத்தன்மை மிக்கவை. கடின வகைகளில் மாவுச்சத்துத் துகள்களைப் புரதம் சுற்றிலும் இறுக்கிப் பிடித்திருக்கும். மாவு வகைகளில் துகள்கள் தளர்வாகக் கிடக்கும், அரைபட எளிதில் இணங்கும். கொச்சபாம்பாவில் பச்சைக் கதிருக்கென்றே வளர்க்கும் பெருமணி வகை வல்தாகோ. இனிப்பு வகை அவர்களிடம் இல்லாமலில்லை. சுஸ்பில்யோ என்று சுருங்கிய மணிகள் கொண்ட ஒன்று இருக்கிறது. அதை வறுத்துக் கொறிப்பார்கள், உமிந்தாவுக்கு எடுப்பதில்லை.

அது ஏன் என்று புரிந்தால், நம் கடைகளில் கிடைக்கும் ஸ்வீட் கார்னை வைத்து உமிந்தா செய்ய முயல்பவர்கள் ஏன் ஏமாந்துபோகிறார்கள் என்பதும் புரியும். இனிப்பு வகைகள் எல்லாமே மாவுச்சத்துத் தொழிற்சாலையில் ஏதோவோர் இயந்திரம் பழுதானவை. பழைய வகையில் மாவுச்சத்தின் கிளைகளைச் சீராக்கும் நொதி குறைபட்டது. அதனால் நீரில் கரையும் வழவழப்பான பொருளொன்று மணிக்குள் சேர்கிறது. 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாஃக்னன் கவனத்துக்குக் கொண்டுவந்த மீயினிப்பு வகையில் பழுது இன்னும் முன்கட்டத்திலேயே விழுந்துவிடுகிறது. மாவுச்சத்து சொற்பம், சர்க்கரை அபாரம். கடித்துத் தின்ன அருமை. அரைத்து ஆவியில் வைத்தால் இனிப்பான கஞ்சி. பெரம்பலூர்ப் பக்கம் கோழித்தீவனத்துக்காக விளையும் சாதாரண மக்காச்சோளத்தை, நகம் இறங்கும் பதத்தில் பறித்துவந்தால் காரியம் நடக்கும்; இனிப்பு குறைவாக இருக்கும், சர்க்கரை போட்டு ஈடுகட்டலாம்.

கொச்சபாம்பாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் உள்ள உறவு சமையலறையோடு நிற்பதில்லை. இன்கா பேரரசன் வய்னா கப்பாக் அந்தப் பள்ளத்தாக்கையே அரசாங்க மக்காச்சோளப் பண்ணையாக மாற்றி, மலைநாட்டின் பல மூலைகளிலிருந்தும் 14,000 பேரை வரவழைத்துப் பயிரிடச் செய்தான் என்பது 16ஆம் நூற்றாண்டு வழக்கு ஆவணங்களிலிருந்து தெரியவருகிறது. கிட்டிய தானியம் படைக்குப் போனது. கியாகோயோ நகருக்குப் பக்கத்தில் கோத்தாபாச்சி குன்றில் வரிசை வரிசையாகக் கட்டியிருந்த வட்டக் களஞ்சியங்களின் அடித்தளங்கள் ஈராயிரத்துக்கு மேல். அங்கே அடுக்கியதெல்லாம் முற்றிக் காய்ந்த தானியம். பச்சைக் கதிரைக் களஞ்சியத்தில் வைக்க முடியாது, ராணுவத்தோடு அனுப்பவும் முடியாது. அதை விளைந்த ஊரிலேயே, விளைந்த வாரத்திலேயே தின்றாக வேண்டும். குஸ்கோவில் 1539இல் ஓர் இன்கா சீமாட்டிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் பிறந்த கார்சிலாசோ தே லா வேகா, 1609இல் அச்சான தன் நூலில் இன்காக்களின் ரொட்டி வகைகளைப் பிரித்துச் சொல்கிறார்: வேள்விக்கு ஒன்று, அன்றாடச் சாப்பாட்டுக்கு ஒன்று, திருவிழாவுக்கும் ஆசைக்கும் உமிந்தா.

அரைக்கும் கல்லையும் அவர் விவரிக்கிறார். அகன்ற தட்டைப் பலகைக்கல்லின் மேல், பிறைவடிவக் கல்லை நிறுத்தி, இரு முனைகளையும் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்தாட்டுவது. அதற்குப் பாத்தான் என்று பெயர். பொலிவிய வீடுகளின் பின்கட்டில் இன்றும் கிடக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, மேல்கல் இழுபடுவதைவிட அதிகமாக உருள்கிறது. அதன் முழுப் பாரமும் ஒரு மெல்லிய கோட்டில் இறங்கி மணியை நசுக்குகிறது. தோல் கிழிகிறது, உள்ளிருப்பது பிதுங்குகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. மிக்ஸியின் கதை வேறு. பிளேடு சுழலும்போது மாவு தானாகப் புரண்டு வந்து பிளேடில் விழ வேண்டும். கெட்டி விழுது புரளாது. ஆகவே பாலோ நீரோ ஊற்ற வேண்டியிருக்கிறது. செடி நாள்கணக்கில் பாடுபட்டுக் குறைத்த பத்துப் பங்கு நீரை நாம் அரை நிமிடத்தில் திருப்பி ஊற்றிவிடுகிறோம். பிறகு அதைச் சரிக்கட்ட உலர்ந்த மக்காச்சோள மாவு தூவ வேண்டிவரும். பாத்தான் பழமைக்காக மட்டும் பிழைத்திருக்கவில்லை.

கொழுப்பு சேர்ப்பதில் ஒரு நுணுக்கம். அஹி விழுதைத் தனியே மாவில் கலக்காமல், முதலில் சூடான கொழுப்பில் வதக்கி, அந்தச் செந்நிற நெய்யோடு ஊற்றுவார்கள். மிளகாயின் சிவப்பு கரோட்டினாய்டு வகைச் சாயம். நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நேரடியாகக் கலந்தால் மாவில் அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரியும். வதக்கி ஊற்றினால் மாவு முழுக்க ஒரே ஆரஞ்சு நிறம் ஏறும். காரம் தரும் கேப்சைசினும் அதே வழியில் சீராகப் பரவுகிறது.

இனி ஆவி. பானையின் அடியில் மணி சீவிய கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அவை மூழ்காத அளவு தண்ணீர் ஊற்றி, மேலே பொட்டலங்களை வைத்து, மிச்ச மடல்களால் மூடி, அதன் மேல் துணியும் மூடியும். லா பாஸ் நகரம் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கும் மேலே இருக்கும் எல் ஆல்டோவில் 86, 87. எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த பானையின் சூடு அதைத் தாண்டாது, கொதிப்புதான் கூடும். காய்ந்த மக்காச்சோளத்தை மலையூரில் வேகவைப்பவர்களுக்கு இது பெரும்பாடு. உலர்ந்த மணிக்குள் நீர் ஊற வேண்டும், செல்சுவர்கள் இளக வேண்டும். அந்த வேதிவினைகள் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்தாலே வெகுவாக மந்தமாகிவிடும். இரவெல்லாம் ஊறவைத்து மணிக்கணக்கில் கொதிக்கவிட வேண்டும்.

உமிந்தா இந்தச் சிக்கலிலிருந்து தப்பிவிடுகிறது. பச்சை மணியின் செல்சுவர்கள் ஏற்கெனவே இளசு, அரைத்தும் ஆயிற்று. தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரே வேலை மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி, உப்பி, ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்வது. மக்காச்சோள மாவுச்சத்துக்கு அது 62 முதல் 72 டிகிரிக்குள் நடந்துவிடும். உலகின் உயரமான நகரங்களில் ஒன்றின் கொதிநிலைகூட அந்த வரம்புக்கு மேலே 14 டிகிரி உபரி வைத்திருக்கிறது.

உயரம் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு சென்டிமீட்டர் தடிமனான பொட்டலம், 20 டிகிரியில் பானைக்குள் போகிறது. அதன் நடுப்பகுதி 70 டிகிரியை எட்ட வேண்டும். ஈரமாவில் வெப்பம் பரவும் கெழு நொடிக்குச் சுமார் 0.14 சதுர மில்லிமீட்டர். தாழ்நிலத்தில் இருக்கும் சாந்தா குரூஸ் நகரில் இதற்கு 24 நிமிடம் வருகிறது, லா பாஸில் 30. ஆறே நிமிட வித்தியாசம்! தடிமனோ அப்படியல்ல. வெப்பம் உள்ளே நுழையும் நேரம் தடிமனின் வர்க்கத்தில் ஏறும். பொட்டலத்தை இருமடங்கு தடிப்பாகக் கட்டினால் 30 நிமிடம் 2 மணி நேரமாகிவிடும். உமிந்தா உள்ளங்கை அகலத்தில் தட்டையாக இருப்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். நடைமுறையில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்று விடுகிறார்கள். நெருக்கி அடுக்கிய பொட்டலங்களுக்கு இடையில் ஆவி புக நேரமாகும், 70 டிகிரிக்குப் பிறகும் துகள்கள் உப்பிக்கொண்டுதான் இருக்கும்.

ஆவி சூட்டைக் கொண்டுசேர்க்கும் விதமும் பார்க்கத்தக்கது. நீராவி ஒரு கிராம் குளிர்ந்து நீரானால் சுமார் 2,260 ஜூல் உள்ளுறை வெப்பத்தைக் கொட்டிவிடும். 150 கிராம் எடையுள்ள ஒரு உமிந்தாவை 20லிருந்து 88 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 35,000 ஜூல் போதும். ஆக, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 15 கிராம் நீர், ஒரு மேசைக்கரண்டி அளவு, படிந்தாக வேண்டும். அந்த நீர் மாவுக்குள் இறங்கினால் மறுபடியும் கூழ்தான். அதைத் தடுப்பது மடல்.

மடல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை தியோசிந்தே என்னும் மெக்சிகோ புல். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மனிதர் அதைப் பழக்கத் தொடங்கினார்கள். தியோசிந்தேயின் பக்கக் கிளைகள் நீளமானவை. கணுவுக்குக் கணு இடைவெளிவிட்டு இலைகள் நிற்கும். மக்காச்சோளத்தில் அந்தக் கிளை குறுகிக் குட்டையாகிவிட்டது, கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிவிட்டன. ஒவ்வொரு கணுவின் இலையுறையும் அடுத்ததன் மேல் கவிந்து கதிரை மூடிக்கொண்டது. நாம் உரித்துப் போடும் மடல்கள் எல்லாம் அப்படி நெருக்கப்பட்ட இலைகள். இதனால் செடிக்கு ஒரு நிரந்தர முடக்கம்: மணிகள் தாமாகச் சிதறி முளைக்க வழியில்லை, மனிதக் கை உரித்தாக வேண்டும். சமையலுக்கு லாபம். இலை என்பதால் மெழுகுப்பூச்சு உண்டு, நீர் உருண்டோடும். நரம்புகள் நீளவாட்டில் இணையாக ஓடுவதால் நாராகக் கிழித்துக் கட்டவும் ஆகும். மெக்சிகோவின் தமால் உலர்ந்த மடலில் கட்டுவது, அதை ஊறவைத்து இளக்க வேண்டும். உமிந்தாவுக்குப் பச்சை மடல். செல்களில் நீர் நிறைந்திருப்பதால் மடித்தாலும் முறியாது.

மடல் அடைத்துவைப்பது இன்னொன்றும் இருக்கிறது. பச்சை மக்காச்சோளம் வேகும்போது எழும் அந்தத் தனி வாசனையில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மத்தினுடையது. கடற்காற்றின் மணத்திலும் அதற்குப் பங்கு உண்டு. மணியிலுள்ள ஓர் அமினோ அமில வழிப்பொருள் சூட்டில் சிதைந்து இதைத் தருகிறது. அதன் கொதிநிலை 37 டிகிரிதான், உடல் சூட்டிலேயே ஆவியாகிவிடும். திறந்த சட்டியில் கிண்டினால் வாசனை சமையலறைக்குப் போய்விடும், தட்டுக்கு வராது. கட்டிய பொட்டலத்தில் கொஞ்சமாவது தங்குகிறது. அவிழ்க்கும் கணத்தில் மூக்கில் அடிப்பது அதுதான்.

சத்து பற்றிச் சுருக்கமாக ஒன்று. மெக்சிகோக்காரர்கள் காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே அரைப்பார்கள். முற்றிய மணியில் பிணைபட்டிருக்கும் நியாசின் வைட்டமினை அது விடுவிக்கிறது. அந்த முறையை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில் பெலாக்ரா நோய் பரவியது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் 1735இல் அதைக் குறித்துவைத்தார். பச்சை மணியில் நியாசினின் பெரும்பகுதி உடல் எடுத்துக்கொள்ளும் வடிவத்திலேயே இருக்கிறது, முற்றமுற்றத்தான் பிணைபடுகிறது. மக்காச்சோளப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினையும் டிரிப்டோஃபேனையும் நடுவில் வைத்த பாலாடைக்கட்டி தருகிறது. சுவைக்காக வைத்ததுதான், ஆனாலும் கணக்கு நேராகிவிடுகிறது.

மறுநாள் உமிந்தா விறைத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் வைத்த இட்லிக்கு நேர்வதும் இதுவே. உப்பிப் பிரிந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் ஆற ஆற மறுபடியும் வரிசைப்பட்டுப் படிகமாகின்றன. நேர்ச்சங்கிலியான அமைலோஸ் சில மணி நேரத்தில், கிளைபிரிந்த அமைலோபெக்டின் சில நாட்களில். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் வெப்பநிலையில், இந்த விறைப்பு மிக வேகமாக நடக்கும். அமைலோபெக்டின் படிகங்கள் 60 டிகிரியை ஒட்டி இளகிவிடுவதால் எல் ஆல்டோவின் ஆவியிலும் மறுபடி மென்மை வரும். அமைலோஸ் படிகங்கள் 100 டிகிரியிலும் அசையாது, ஆகவே முதல் நாளின் மென்மை முழுதாகத் திரும்புவதில்லை.

அதற்கு மாற்று, வில்லை போட்டுக் கொழுப்பில் வறுப்பது. ஆவியில் வெந்தது எங்கேயும் அந்த ஊரின் கொதிநிலையைத் தாண்டியதில்லை, அதனால் வெளிறியே இருந்தது. சட்டியில் மேற்பரப்பு காய்ந்ததும் சூடு தாராளமாக 140, 150 டிகிரிக்கு ஏறும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிற மொறுமொறுப்பு கிடைக்கும். நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டுமானால் ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஆறியதும் மடலோடு ஃப்ரீசரில் போட்டு, எடுத்ததும் உருகவிடாமல் நேரே ஆவிக்கு ஏற்றலாம்.